கதவு சேராத கப்பல்

ஒரு ஊர்ல... இல்ல இல்ல, எந்த ஊர்லயும் இல்லாம, வானத்துல ஒரு வீடு இருந்துச்சாம். ம் கொட்டு தங்கம், அப்பத்தான் அத்தை சொல்லுவேன்.

"ம்."

ரொம்ப முன்னாடி ரெண்டு பெரிய நாடு, நீ மொதல்லயா நான் மொதல்லயான்னு போட்டி போட்டு ராக்கெட்டா விட்டுச்சுங்க. அப்புறம் ஒரு நாள், மேலயே ரெண்டு கப்பலையும் ஒட்ட வச்சு, கதவைத் திறந்து, கை குடுத்துக்கிச்சுங்க. அப்புறம் நெறைய நாடு சேந்து வானத்துல வீடு கட்டுச்சு. நான் சொல்றது அதுக்கும் அப்புறம், இனிமே வரப்போற காலத்துக் கதை. ஆனா நடந்து முடிஞ்ச மாதிரியே சொல்லுவேன், சரியா?

"ம்."

அந்த வீட்டுல மூணு பேரு. தலைவி கோவில்பட்டிக்காரி, பேரு செண்பகவல்லி. ரஷ்யாக்காரர் அர்காடி, வாய் ஓயாம பாடுவாரு. ஜப்பான்காரப் பொண்ணு மிசாகி, எது உடைஞ்சாலும் சரி பண்ணிருவா.

ஒரே ஒரு நாடு மட்டும் இந்தக் கூட்டு வேணாம்னுட்டு, தனியா ஒரு குட்டிக் கப்பல் விட்டுச்சு. அதுல தாரோன்னு ஒருத்தர். அவரு பாட்டுக்குப் போய்ட்டிருக்காரு, எங்கிருந்தோ ஒரு கல்லு... டமார்! இன்ஜின் போச்சு. இடிச்ச வேகத்துல அவரு வலது கையும் ஒடிஞ்சுபோச்சு. கீழ இறங்க வழியில்ல. காத்தும் கொறையுது, உஸ்ஸுன்னு.

அப்போ செண்பகவல்லி ரேடியோவுல தாரோன் குரலு, கொர்ர் கொர்ர்... "யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கோம்யா! நாங்க மூணு பேரு இருக்கோம்!"

ஆனா அவரு நாட்டுக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "எங்க கப்பலுக்கு ஒண்ணும் ஆகல. யாரும் கிட்ட வராதீங்க."

"பொய்யி!"

பொய்யிதான். வெளிய தெரிஞ்சா அவமானமாம். ஆனா தாரோன் கூப்பிட்ட சத்தத்தை, கீழ பூமியில சின்ன ரேடியோ வச்சிருந்தவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க. அவரு அம்மா வரைக்கும் சேதி போயிருச்சு. அந்தம்மா நேரா கப்பல் விட்டவங்க அலுவலகத்துக்குப் போயி, "எம்புள்ள கூப்பிடுறான், நீங்க இல்லைங்கிறீங்க?"ன்னு கேட்டுச்சாம். கடைசியில அவங்க வானத்து வீட்டுக்காரங்ககிட்ட, "அவரைக் கூட்டிக்கோங்க"ன்னுட்டாங்க.

அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா கதவு சேரல! இந்த வீட்டுக் கதவு ஒரு மாதிரி, அந்தக் கப்பல் கதவு வேற மாதிரி. ஒட்டவே ஒட்டாது. அப்போ வெளிய போயித்தான் தூக்கிட்டு வரணும். அவரு உடுப்புல காத்துக்குழாய் இருக்கு, ஆனா அந்தக் குழாய் வாயும் இவங்க காத்து சிலிண்டருக்குச் சேராது.

"அளவு சொல்லுங்க, நான் இணைப்பு செஞ்சு தர்றேன்"னு ரேடியோவுல தாரோன்கிட்ட சொன்னா மிசாகி.

"அளக்க இங்க எதுவும் இல்லையே!"

மிசாகி யோசிச்சா. "டார்ச்சுக்குப் போடுற சின்ன பேட்டரி இருக்கா?"

"இருக்கு."

"அது எல்லா நாட்டுலயும் ஒரே அளவுதான். குழாய்க்குள்ள விட்டுப் பாருங்க."

விட்டுப் பாத்தாரு. "சரியா உக்காருது. ரெண்டு காகிதம் நுழையுற எடம் மிச்சம் இருக்கு."

மிசாகி அரத்தால ராவு ராவுன்னு ராவி, இணைப்பைச் செஞ்சுட்டா. அப்புறம் அர்காடி, வீட்டோட பெரிய இயந்திரக் கையை நீட்டி, கீஈஈச்... தப்பிருச்சு. கீஈஈச்... மறுபடியும் தப்பிருச்சு. பாட்டை நிறுத்திட்டாரு மனுசன். கீஈஈச்... லபக்! கப்பலைப் பிடிச்சுட்டாரு.

செண்பகவல்லி வெளிய மிதந்து போனா. அங்க கீழயும் இல்ல மேலயும் இல்ல, ஒரே இருட்டு. கப்பல் கதவைத் திறந்து, தாரோன் குழாயை எடுத்து, மிசாகி செஞ்ச இணைப்போட சிலிண்டர்ல வச்சு அழுத்துனா. கிளிக்! தாரோன் ஒரு மூச்சு இழுத்தாரு. அழுதாரு. அவரைக் கட்டிப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் என்ன, எல்லாரும் பூமிக்குத் திரும்புற நாளு வந்துச்சு, ஆனா கப்பல்ல மூணு சீட்டுதான். இப்ப நாலு பேரு. நான் இருக்கேன், நீ போன்னு அர்காடியும் மிசாகியும் சண்டை. "நான்தான் தலைவி, நான்தான் இருப்பேன்"னுட்டா செண்பகவல்லி. ஆனா அவ தங்கச்சிக்குக் கொழந்தை பொறக்கப்போற நேரம் அது. ரேடியோவுல தங்கச்சிகிட்ட சொன்னா. அவ, "மொதல்ல அவரு வந்து கை சரியாகட்டும்க்கா. பாப்பா எங்க போயிரப்போறா"ன்னா.

"தனியாவா இருந்தா?"

தனியாத்தான். அர்காடி பாட்டை அவளே பாடிப் பாடி நாளை ஓட்டுனா. ஆனா கீழ தாரோன் சும்மா இருக்கல. கைக்கட்டோட அலுவலகத்துக்குப் போயி, "எனக்காக ஒருத்தி அங்க காத்துட்டிருக்கா"ன்னாரு. அந்த நாட்டுக்காரங்க வெக்கத்தை விட்டுட்டு மிசாகிகிட்ட வானத்து வீட்டுக் கதவோட அளவு கேட்டாங்க. அவ எல்லாத்தையும் குடுத்தா. அந்த அளவுல கதவு வச்சு வேற கப்பல் செஞ்சாங்க. கை சரியானதும் தாரோனே கப்பலை ஓட்டிட்டு வந்தாரு. டக், டக், டப்! சேந்துருச்சு. கதவு திறந்துச்சு. "போலாமாக்கா?"ன்னாரு, தமிழ்ல! அந்த ஒரு வார்த்தையை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தாரு.

"ம்..."

அந்தக் கப்பல் அவரு ஊர்ப் புல்வெளியில பொத்துன்னு எறங்குச்சு. மேல மிதந்தே பழகுனவளுக்குக் கையும் காலும் கல்லு மாதிரி கனக்குது. டாக்டர் பாத்துட்டு, "நல்லா தூங்கட்டும். எழுந்ததும் தங்கச்சி பாப்பாவைப் பாக்கப் போகட்டும்"னாரு. தாரோன் அம்மா தன்னோட கட்டில்லயே படுக்க வச்சு, போத்தி விட்டுச்சு. அந்த ஊரே சத்தம் போடல தங்கம். பஸ்காரர் ஹாரன் அடிக்கல. பசங்க பந்தைத் தூக்கிட்டுத் தூரமா போய்ட்டாங்க. கொலைச்ச நாயைக்கூட உஷ்ஷுன்னு அடக்கிட்டாங்க. செண்பகவல்லி தூங்குறா, தூங்குறா, அப்படித் தூங்குறா...

கதையும் தரைக்கு எறங்கிருச்சு. கண்ண மூடு.