சடைச்சியின் விளாம்பழப் பாறை

குமிழிக் காட்டின் நடுவே ஓர் அகன்ற பாறை இருந்தது. சடைச்சி என்னும் முதிய கரடி அதன்மேல் அமர்ந்து தொழில் செய்து வந்தது. அதற்கு இரு கண்களிலும் பார்வை இல்லை.

விளாங்காயையும் விளாம்பழத்தையும் மேலோட்டைப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். தெரியாமல் காயை உடைத்துவிட்டால் அது வீண். ஆகவே குரங்குகளும் மான்களும் தாம் பொறுக்கியவற்றைச் சடைச்சியிடம் கொண்டுவந்தன. சடைச்சி ஒவ்வொன்றையும் பாறையில் போட்டுப் பார்க்கும். ‘ணங்’ என்று ஒலித்தால் காய். ‘தொப்’ என்று விழுந்தால் கனி. பத்துக்கு ஒன்று கூலி. அதில் அதன் வயிறு நிறைந்தது.

நயவன் என்னும் நரிக்கு இது பொறுக்கவில்லை. முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் என்று சொல்லி, அது நாள்தோறும் காட்டில் இரை திரட்டி வந்தது. நல்லவற்றைத் தான் தின்று, மிச்சத்தைத் தன் குகையில் கிடந்தவர்களுக்குப் போட்டது. கொடுப்போர் யாரேனும் வந்தால், “இன்னும் கொஞ்சம் முனகு!” என்று அங்கே கிடந்த சிறகொடிந்த நாரையின் காதில் சொல்லும்.

ஒருநாள் நாரை கேட்டது: “சடைச்சி சம்பாதித்துச் சாப்பிடுகிறாளே, நானும் ஏதாவது செய்யக்கூடாதா?”

நரிக்குத் தன் பிழைப்பைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. உடனே பாறைக்கு ஓடியது.

“கரடியம்மா! இந்த வயதில் உனக்கு ஏன் இந்தப் பாடு? என் குகையில் வந்து காலை நீட்டிப் படு!”

“படுத்தால் எழுந்திருக்க மாட்டேன், நரியாரே! சற்று விலகி நில்லும், ஆட்கள் காத்திருக்கிறார்கள்!”

நரி, காட்டின் தலைவரான யானையிடம் சென்றது.

“தலைவரே! கண் தெரியாதவள் பழம் பார்ப்பதாவது! காட்டையே ஏய்க்கிறாள். சோதித்துப் பாருங்கள். ஒன்று தவறினாலும் தொழிலை விட்டுவிட்டு என் குகைக்கு வரட்டும்!”

யானை இசைந்தது. சோதனைக்கு இடம் பார்த்தது நரி. அருவியின் அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தது!

காடே கூடியது. கூட்டத்தின் இரக்கத்தைப் பெற, நரி நாரையையும் அழைத்து வந்திருந்தது. சடைச்சியின் முன் காயும் கனியும் கலந்து பத்து வைக்கப்பட்டன. சடைச்சி முதலாவதை அங்கிருந்த ஒரு பாறையில் போட்டது. அருவியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன கரடியம்மா, காதும் போய்விட்டதா?” என்று நரி கூவியது.

சடைச்சி உள்ளங்கையால் பாறையைத் தடவிப் பார்த்தது. பிறகு சிரித்தது.

“காது கேட்காவிட்டால் கை கேட்கும்!”

அது ஒவ்வொன்றையும் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு, கையை அங்கேயே வைத்திருந்தது. காய் துள்ளி வந்து உள்ளங்கையைத் தொட்டது. கனி விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஆறு காய், நான்கு கனி என்று பிரித்து வைத்தது சடைச்சி.

யானை ஒவ்வொன்றாக மிதித்து உடைத்தது. ஒன்றுகூடத் தவறவில்லை!

“ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்!” என்றது நரி.

“பத்து முறையுமா?” என்றது யானை, பழத்தை மென்றபடி. “சடைச்சி, பாறை உன்னுடையது!”

அப்போது நாரை முன்னே வந்தது.

“தலைவரே! எனக்குச் சிறகுதான் ஒடிந்தது. கண் கூர்மையாகவே இருக்கிறது. நீர்த்துறையில் முதலை வருகிறதா என்று காவல் நிற்பேன். நீர் குடிக்க வருவோர் எனக்கு இரை தரட்டும்!”

“என் கன்றுகளுக்கு இன்றுமுதல் நீதான் காவல்!” என்றது யானை.

குகையில் கிடந்த மற்றவையும் அதைக் கேள்விப்பட்டு, தத்தமக்கு ஆன வேலையைத் தேடி வெளியேறின.

“எல்லோரும் போய்விட்டால் நான் யாரைக் காட்டி இரை கேட்பேன்?” என்று நரி புலம்பியது.

“உமக்குக் கண்ணும் நன்றாக இருக்கிறது, நான்கு காலும் நன்றாக இருக்கின்றன!” என்றது சடைச்சி. “போய் விளாம்பழம் பொறுக்கி வாரும், நரியாரே. பார்த்துத் தருகிறேன். பத்துக்கு ஒன்று கூலி!”

உழைக்க விரும்பும் முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் நாம் செய்யத்தக்க பேருதவி, அவர்கள் தொழிலுக்கு இடம் விட்டு, உரிய கூலியைக் கொடுப்பதே ஆகும்.