கை கழுவாத ராஜா

உன்னைத்தான் சொல்கிறேன், முகத்தைத் திருப்பாதே. உன் அப்பாவுக்கு உடம்பு குறைய வேண்டும் என்று காலைப் பலகாரத்தை நிறுத்தினாய். ராத்திரிச் சோற்றையும் நிறுத்தினாய். நடுவில் கொஞ்சம் பொழுதைக் காட்டி, "இதற்குள் சாப்பிட்டு முடியுங்கள்" என்று கட்டளை போட்டாய். குறையவில்லை என்றதும் அவர் நாக்கைத் திட்டுகிறாய். தப்பு அந்த நாக்கில் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. எப்படி என்றா கேட்கிறாய்? ஒரு கதை சொல்கிறேன், கேள்.

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைநாடு என்ற சீமையைக் கொடைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டார். கோபம் வந்தால் யானையைக் கட்டிப்போடச் சொல்வார். தணிந்தால் அதே யானைக்குக் கரும்பு கொடுத்து மன்னிப்புக் கேட்பார். ராணி போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளைகள் ஆளுக்கொரு எல்லைக் கோட்டையில். ராஜா பெருத்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் சபை முடிந்து அவர் எழுந்தார். சிம்மாசனமும் கூடவே எழுந்தது.

சேவகர்கள் இழுத்துப் பிடுங்கினார்கள். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ராஜாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அரண்மனை அதிகாரி வல்லபராயருக்கு மந்திரி பதவிமேல் நெடுநாள் கண். அவர் முன்னால் வந்தார். "மன்னா, உச்சிப்பொழுது முதல் அந்தி வரைக்கும் மட்டும் உணவு. மற்ற நேரம் வெறும் தண்ணீர். மாதம் ஒன்று போனால் மூங்கில் மாதிரி ஆகிவிடுவீர்கள்."

மாதம் போயிற்று. ராஜா மூங்கிலாகவில்லை, மூங்கில் புதராகத்தான் ஆனார்.

"என் யோசனையில் குற்றமில்லை, மன்னா. மடைப்பள்ளி மந்திரியின் பொறுப்பில் அல்லவா இருக்கிறது?" என்று வல்லபராயர் திருப்பிவிட்டார்.

மந்திரி நாகங்குடியார் உப்பு வண்டி ஓட்டி, சந்தையில் அடிபட்டு, பேரம் பேசிப் பேசியே மேலே வந்த மனிதர். ராஜா அவர்மேல் பாய்ந்தார்: "பட்டாபிஷேக ஆண்டு விழாவுக்குள் நான் இந்த ஆசனத்திலிருந்து தனியாக எழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மந்திரி முத்திரை வல்லபராயருக்கு, உப்பு வண்டி உமக்கு!"

"வண்டி பழசாகிவிட்டது, பிரபு. மாடாவது புதுசாகக் கிடைக்குமா?"

"போம் ஐயா, போம்!"

மறுநாள் மந்திரி போஜன மண்டபத்தில் தூணோரமாக நின்று கவனித்தார். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு எதிரில் யாரும் இலை போடக்கூடாது. அவர் கை கழுவும் வரை சபையார் நின்றுகொண்டிருக்க வேண்டும். கழுவினதும் கலைந்துவிடலாம், மறுநாள் சபை கூடும் வரை அவரிடம் யாருக்கும் வேலை இல்லை.

இலை காலியாகி வெகுநேரம் ஆயிற்று. ராஜாவின் விரல்களில் தயிர்ச்சோறு காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வல்லபராயரே, உம்முடைய மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாமே?"

"வந்திருக்கிறாள், மன்னா." அவர் கண் வாசலில் இருந்தது.

"பேரனா, பேத்தியா?"

"இன்னும் பிறக்கவில்லை, மன்னா."

பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். ராஜா அவசரமாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் புளியோதரை கொண்டுவா."

மந்திரிக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் சபையில் அவர் சொன்னார்: "வல்லபராயர் குறித்த பொழுது நல்ல பொழுதுதான். அதில் நான் கை வைக்கவில்லை. வழக்கத்தை மட்டும் திருப்பிப் போடுகிறேன். அரசர் இலையில் கை வைத்தால் எல்லோரும் வெளியே போக வேண்டும். கை கழுவினதும் உள்ளே வந்து, விளக்கு வைக்கும் வரை கூட உட்கார வேண்டும்."

"என்னைத் தனியாகச் சாப்பிட விடுவீரா?" என்று ராஜா கர்ஜித்தார்.

"இப்போதும் தனியாகத்தானே சாப்பிடுகிறீர்கள், பிரபு?"

ராஜா சரி என்று கையை அசைத்தார்.

முதல் நாள் அத்தனை பெரிய மண்டபத்தில் அவர் மெல்லும் சத்தம் அவருக்கே கேட்டது. பசி அடங்குகிற அளவுக்குச் சாப்பிட்டார், கையைக் கழுவினார். "எங்கே எல்லோரும்?" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். தாயம் உருண்டது, கதை ஓடியது. உடம்பு நாளுக்கு நாள் வற்றியது.

வல்லபராயருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ராஜா இளைப்பது ஒரு வேதனை, வீட்டுக்குப் போக முடியாதது இன்னொரு வேதனை. ஒரு நாள் தாயத்தின் நடுவில், நெய் வடிகிற அதிரசத் தட்டை நீட்டினார். "ஒரே ஒரு துண்டு, மன்னா."

ராஜாவின் கை நீண்டது. தட்டைத் தொடுமுன் தலையை நிமிர்த்தினார். சபையில் பாதிப் பேர் அதற்குள் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதி எழுந்திருந்தார்கள். அந்த முகங்களை ராஜா ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீரே சாப்பிடும், வல்லபராயரே. தட்டு முழுவதும் சாப்பிடும். சாப்பிடுகிறவரைத் தனியாக விட்டுப் போவதுதானே இங்கே சட்டம்? வாருங்கள், நாம் தோட்டத்தில் ஆடுவோம்."

எல்லோரும் போய்விட்டார்கள். வல்லபராயர் அந்தப் பெரிய மண்டபத்தில் அதிரசத்தோடு உட்கார்ந்திருந்தார். நாலாவது அதிரசம் தொண்டையில் இறங்கவில்லை.

பட்டாபிஷேக ஆண்டு விழாவில் ராஜா எழுந்தார். சிம்மாசனம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"முத்திரை உம்முடையதே, நாகங்குடியாரே. அதோடு ஓர் ஊரும் தருகிறேன்."

"கட்டுப்படியாகாது, பிரபு."

"இரண்டு ஊர்?"

"அதுவும் ஆகாது. நாளைப் பகல் என் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். எதிரில் நானும் இலை போட்டு உட்காருவேன்."

"என் எதிரில் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று" என்றார் ராஜா.

போனார். தன் இலையில் இருந்ததில் பாதியைக்கூட அவர் தொடவில்லை. மந்திரியின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கூச்சத்தோடு மெல்லச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கொள்ளும் ஐயா."

கதை அவ்வளவுதான். இப்போது நீ எழுந்திரு. வேலை இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றெல்லாம் என்னிடம் பேரம் பேசாதே. இதைவிடப் பெரிய பேரமெல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். உனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார். அவர் கை கழுவின பிறகும் உட்கார்ந்திரு. போ.