ராஜவதனத்தின் காய்

முன்னொரு காலத்தில், மலையில் தானாக முளைத்ததற்கும் ராஜாக்கள் தங்கள் பெயரை வைத்துக்கொண்ட நாளில், ஓர் அரசர் வேட்டைக்குப் போனார். மிருகம் எதுவும் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு, பாறையிடுக்கில் இருந்த ரோஜா நிறப் பூ ஒன்றைப் பறித்து வந்தார்.

"உலகம் காணாத மலர்! மகாராஜாவின் திருமுகமே இதில் தெரிகிறது" என்றார் பிரதானி வீரபாகு. பூவுக்கு ‘ராஜவதனம்’ என்று பெயராயிற்று. அரசர் கண்ணாடியில் ஒருமுறை ஒப்பிட்டும் பார்த்தார்.

பிரதானி அதோடு விடவில்லை. "திருமுகம் பூத்த இடத்தில் ஆடு மேய்வதா? செடி நிற்கும் இடம் அரண்மனைக்கு என்றால் முழ நிலம்தான் தேறும். அதன் விதை எதன்மேல் விழுந்தாலும் அது அரண்மனைச் சொத்து என்று ஆணையிடுங்கள்." அரசரும் அப்படியே ஆணையிட்டார். பறிமுதலாகும் நிலங்களை மேற்பார்க்கும் பாரத்தைப் பிரதானி பெரிய மனதோடு தாமே ஏற்றுக்கொண்டார்.

மலையில் சாமை விதைத்துப் பிழைத்தவர்கள் கலங்கிப் போனார்கள். அவர்கள் வரப்பெல்லாம் அந்தப் பூதான். அவர்களின் மூப்பன் கோலன், அரசவை விகடகவி மருதையனைத் தேடி வந்தான்.

"சாமி, அது வெறும் காட்டுக் காசித்தும்பைங்க. மழைக்கு மொளைக்கும், வெயிலுக்குப் போயிரும். அதுக்காக எங்களப் போகச் சொல்றாங்களே!"

மருதையன் கேட்டான்: "காய் முத்திடுச்சா?"

"தொட்டாப் போதுங்க."

"தொடாம ஒரு செடியக் கொண்டா."

மறுநாள் தொட்டியோடு சபைக்கு வந்தான் மருதையன். கோலன் வாசலோரம் நின்றான்.

"மகாராஜா, வேறு ஏதோ களைக்குத் தங்கள் பெயர் போய்விடக் கூடாது. இதைப் பிரதானியவர்களே சோதித்துச் சொல்லட்டும்."

பிரதானி சால்வையைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இலை விளிம்பில் ரம்பப் பல். சரி. பூவின் பின்னால் வளைந்த வால். சரி."

"திருமுகத்துக்கு வாலா?" என்றார் அரசர்.

"அது... கொண்டை, மகாராஜா."

"காயையும் அழுத்திப் பாருங்கள். தங்கள் விரலுக்குத்தான் தெரியும்" என்றான் மருதையன்.

பிரதானி அழுத்தினார். காய் பட்டென்று வெடித்துச் சுருண்டது. தலைப்பாகை, சால்வை, மீசை எங்கும் விதை தெறித்தது. ஒன்று அரசர் மடியிலும் விழுந்தது.

"சந்தேகமே இல்லை, ராஜவதனம்தான்!" என்றான் மருதையன். "காவலரே, அந்தத் தலைப்பாகை இனி அரண்மனைச் சொத்து. சால்வையும்தான். மீசைக்கு நாவிதரை அழையுங்கள்."

பிரதானி மீசையைப் பொத்திக்கொண்டார். "மகாராஜா! அதுவாக வந்து விழுந்தது. நானா கேட்டேன்?"

"கோலனும் அதைத்தான் சொல்கிறான்" என்றான் மருதையன்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மடியில் கிடந்த விதையை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"மருதையா, என் பெயர் இதற்குத் தெரியுமா?"

"முளைக்கத் தெரியும், மகாராஜா. மற்றதெல்லாம் நாம் சேர்த்தது."

ஆணை அன்றே ரத்தாயிற்று. "அதற்கு முன் அரண்மனைக்கு வந்துவிட்ட சொத்து இது" என்று சொல்லி, அந்தச் சால்வையை மருதையனுக்கே பரிசாகப் போர்த்தினார் அரசர். மீசையை மட்டும், பெரிய மனதோடு, பிரதானியிடமே விட்டுவைத்தார்.