குயவர் தெருக் காய்ச்சல்

ராஜாக்களில் பல ரகம் உண்டு. சிலருக்கு யானை மேல் பைத்தியம், சிலருக்குச் சாப்பாட்டு மேல் பைத்தியம். கருங்காவனத்தை ஆண்ட மகிழ்மாறனுக்குக் கணிப்பு மேல் பைத்தியம். நாளைக்கு நடக்கப்போவது இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் மழை விட்டதும் ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. ராஜா ஓர் ஏற்பாடு செய்தார். அரண்மனை முற்றத்தில் தெருவுக்கு ஒரு பானை. வெள்ளிக்கிழமைதோறும் தெருத் தலைவர் வந்து, காய்ச்சலில் படுத்திருக்கும் ஆளுக்கு ஒரு கூழாங்கல் வீதம் போட வேண்டும். எந்தத் தெருவில் எவ்வளவு என்று பார்த்தால், அடுத்து எங்கே பரவும் என்று கணித்துவிடலாம். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? அதோடு நிறுத்தியிருக்கலாம். ராஜாக்கள் எங்கே நிறுத்துகிறார்கள்? பானை காலியாக இருந்தால் தலைவருக்குப் பட்டு அங்கவஸ்திரம், கல் கூடினால் சபை நடுவே நிற்கவைத்து வசவு என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்.

அவ்வளவுதான். ஒரே மாதத்தில் ஊர்க் காய்ச்சல் பறந்துவிட்டது! தேரடி வீதிப் பானை காலி. வணிகர் வீதிப் பானை காலி. தலைவர்கள் பட்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போய், அனத்திக்கொண்டிருந்த மாமியாரை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

குயவர் தெருப் பானை மட்டும் நிரம்பி வழிந்தது. தெருத் தலைவர் சடையனே காய்ச்சலில் கிடந்தார். அவர் பெண்சாதி மூக்காயிதான் கல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்து போட்டாள், வசவையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அரண்மனைக் கணியர் ஏகாம்பர வித்தகர் பானைகளைப் பார்த்தார். சபை நடுவில் கலர் கோலப்பொடியால் தெருவுக்கு ஒரு கோடு இழுத்தார். குயவர் தெருவுக்குச் சிவப்புக் கோடு. அது தூண் வரைக்கும் போயிற்று.

"மகாராஜா, ஊர்க் காய்ச்சல் மொத்தமும் குயவர் தெருவுலதான் இருக்கு. விட்டா அரண்மனைக்கே வந்துடும். இது என் கணிப்பு."

"அப்போ என்ன செய்யலாம்?"

"தெருவை இடிச்சுத் தள்ளிட்டு, ஆளுங்களை ஆத்துக்கு அக்கரையில விட்டுடலாம்."

"வர்ற வெள்ளிக்கிழமை இடிச்சுடுங்க" என்றார் ராஜா. அன்றைக்கு அவருக்கு நன்றாகச் சோறு இறங்கியது.

மூக்காயி நேரே மருதப்பரிடம் ஓடினாள். மருதப்பர் சபையின் விகடகவி. ராஜாவிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தலையோடு திரும்பி வருகிற ஒரே ஆள்.

"சாமி, எம் புருஷன் எழுந்து உக்காரவே முடியாம கிடக்கான். அவனைத் தூக்கிட்டுப் போவேனா, சூளையைத் தூக்கிட்டுப் போவேனா?" என்று அழுதாள்.

"ஏம்மா, மத்தவங்க மாதிரி நீயும் ரெண்டு கல்லைக் குறைச்சுப் போட்டிருக்கலாமே?"

"குறைச்சுப் போட்டா வைத்தியர் எப்படி வருவாரு? நான் காய்ச்சலைச் சொல்லத்தானே போனேன், பட்டு வாங்கவா போனேன்?"

மருதப்பர் அவளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் சபையில் முகத்தைப் பவ்வியமாக வைத்துக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா, கணியர் கணிப்பு அபாரம். அதை அரைகுறையா நிறைவேத்தக் கூடாது. காய்ச்சலே இல்லாத தெருக்கள்ல வைத்தியர்கள் சும்மா ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க. நிலவேம்புக் கஷாயம் அண்டா அண்டாவா வீணாப் போகுது. எல்லாத்தையும் குயவர் தெருவுக்கே அனுப்பிடுங்க."

"இடிக்கப்போற தெருவுக்கு வைத்தியம் எதுக்கய்யா?"

"இடிக்கப்போற நம்ம ஆளுங்களுக்கு ஒட்டிக்கக் கூடாது பாருங்க."

ராஜாவுக்கு நியாயமாகப் பட்டது. மருதப்பர் கணியர் பக்கம் திரும்பினார். "நீங்க தேரடி வீதியில்தானே குடியிருக்கீங்க? உங்களுக்கு ஒரு வைத்தியரை விட்டு வைக்கட்டுமா?"

கணியர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். "எதுக்கு? எங்க பானைதான் காலியாச்சே" என்றார். சொல்லும்போதே இரண்டு தும்மல் வந்தது. சாம்பிராணிப் புகை என்று சமாளித்தார்.

வைத்தியர்கள் மூட்டை முடிச்சோடு குயவர் தெருவுக்குப் போனார்கள். சூளைக்குப் பக்கத்திலேயே அண்டா ஏறியது. சடையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இடிப்பதை நேரில் பார்க்க ராஜாவே கிளம்பினார். பின்னால் கடப்பாரை ஆட்கள், பக்கத்தில் மருதப்பர். கணியரைக் கூப்பிட்டு அனுப்பினால் வீட்டில் ஆளைக் காணோம்.

குயவர் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. தேரடி வரைக்கும் வரிசை. வணிகர் வீதித் தலைவர் பட்டு அங்கவஸ்திரத்துக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மாமியாரைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் காலிப் பானைத் தெருக்காரர்கள் எல்லாரும் கையில் செம்போடு முனகிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒருவர் தலையோடு கால் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார். ராஜா போர்வையை விலக்கினார். கணியர்.

"ஓய், உம்ம வீதியில காய்ச்சலே இல்லைன்னீரே!"

"அ... அது போன வெள்ளிக்கிழமை மகாராஜா..."

ராஜாவுக்கு இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் முகம் சிவந்தது. "ஊரே சாகக் கிடக்கு. உமக்குத் தெரிஞ்சும் மறைச்சிருக்கீர். ஒரு பாவமும் அறியாத தெருவை இடிக்கப் பார்த்தேனே! உம்ம கணிப்பு மொத்தமும் பொய்" என்று வாளில் கை வைத்தார்.

மருதப்பர் குறுக்கே வந்தார். "அவசரப்படாதீங்க மகாராஜா. ஊர்க் காய்ச்சல் மொத்தமும் குயவர் தெருவுலதான் இருக்குன்னு கணியர் சொன்னார். நல்லாப் பாருங்க. மொத்தமும் இங்கேதானே நிக்குது? அவர் கணிப்புல ஒரு ஆள்கூடக் குறையலையே!"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாளில் இருந்த கை வயிற்றுக்குப் போயிற்று. கடப்பாரை ஆட்களை அண்டா தூக்க அனுப்பினார். பட்டும் வேண்டாம், வசவும் வேண்டாம், இனிமேல் கல் எங்கே அதிகமோ அங்கேதான் வைத்தியர் முதலில் போவார் என்று அங்கேயே உத்தரவு போட்டார்.

மருதப்பருக்கு ராஜாவின் முத்துமாலை கிடைத்தது. கணியருக்கும் கஷாயம் கிடைத்தது, ஆனால் மூக்காயி அவரை வரிசையில் முந்த விடவில்லை.