மன்னர் திராட்சைத் தோட்டம் பார்த்த அரை நாள்

மாவளநாட்டுக்கு ஒரு மன்னர் தேவையா என்று யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒருவர் இருந்தார். பெயர் கீர்த்திவளவன். பெயரில் இருந்த கீர்த்தியைத் தவிர வேறு கீர்த்தி எதையும் அவர் சம்பாதிக்கவில்லை.

ஒருநாள் யவன வணிகன் ஒருவன் அவரிடம் தன் ஊர்ப் பெருமை பேசினான். அங்கே பெரிய மனிதர்கள் காலையில் கிளம்பித் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பார்களாம். தோட்டத்துக்குத் தோட்டம் மதுவை ஒரு வாய் ருசித்து, நல்லது கெட்டது சொல்வார்களாம். விளக்கம் சொல்லக் கூடவே ஒரு வழிகாட்டி வருவாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாமாம். வேலை செய்த மாதிரியும் இருக்கும், குடித்த மாதிரியும் இருக்கும். மன்னருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

வழிகாட்டியாக வர அமைச்சர் வல்லபராயர் முந்திக்கொண்டார். அவருக்குத் திராட்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆற்றங்கரைத் தோட்டத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். நாற்பது குடும்பங்கள் கல் பொறுக்கி, மண் சுமந்து உண்டாக்கிய தோட்டம் அது. அதை எப்படியாவது தன் மைத்துனர் அரங்கப்பர் கையில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பல்லக்குகள் முதலில் ஆற்றங்கரைத் தோட்டத்துக்குப் போயின. அந்தக் குடும்பங்களின் சார்பில் ஒய்யம்மாள் என்பவள் மதுக் குடத்தோடு நின்றாள். மன்னர் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும்போதே அமைச்சர் முகத்தைச் சுளித்தார். பக்குவம் தெரியாதவர்கள் செய்தது, புளித்துக் காடியாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மன்னர் குடித்தார். காடி என்றார். உடனே பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் பல் கூசியது. அவர்களில் யாரும் இன்னும் குடித்திருக்கவில்லை.

ஒய்யம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். அவள் பேசுவதற்கு நிகழ்ச்சியில் இடம் ஒதுக்கப்படவில்லை. மன்னர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் சுமந்துகொண்டு பின்னால் வரச் சொன்னார்கள்.

அடுத்தது அரங்கப்பரின் தோட்டம். வாசலில் வாழைமரம், மேளம், பன்னீர். உள்ளே பந்தல் கால்கள் எல்லாம் புத்தம் புதிது. கொடிகள் முழங்கால் உயரம்கூட ஏறவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை. அரசவையினர் எந்த ஊருக்குப் போனாலும் பார்ப்பது மன்னரின் முகத்தை மட்டும்தான். மன்னரைச் சிரிக்க வைக்கும் உத்தியோகத்தில் இருந்த மருதப்பன் ஒருவர்தான் குனிந்து கொடியைப் பார்த்தார்.

இங்கே அமைச்சர் கண்களை மூடிக்கொண்டார். இது அமுதம், நாக்கு உள்ளவர்களுக்குத்தான் விளங்கும் என்றார். மன்னர் தமக்கு நாக்கு உண்டு என்று நிரூபித்தாக வேண்டுமே. குடித்தார். அமுதம் என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணீர் விட்டார்கள்.

இதுதான் சமயம் என்று அமைச்சர் பேச ஆரம்பித்தார். ஆற்றங்கரைத் தோட்டத்தை அரங்கப்பரிடம் ஒப்படைத்துவிடலாம், அந்த ஜனங்கள் அங்கேயே கூலிக்கு இருந்துகொள்ளட்டும் என்றார். மன்னர் தலையசைக்கப் போனார். ஒய்யம்மாள் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடம் தளும்பியது.

மருதப்பன் முன்னால் வந்தார்.

“அரசே, அமைச்சருக்கு இளகின மனசு. காடி கொடுக்கிற கொடி யார் கைக்குப் போனாலும் காடிதான் கொடுக்கும். அதை எதற்குக் கைமாற்ற வேண்டும்? இன்றைக்கே வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிடலாம்.”

“நீ சோறுதான் திங்கிறியாய்யா?” என்றாள் ஒய்யம்மாள்.

மருதப்பன் அவள் பக்கம் திரும்பவில்லை. “நாளை முதல் இந்த அமுதம் மட்டும் அரண்மனைக்கு வரட்டும், அரசே. தினம் ஒரு குடம். குடம் வராத நாளில் அரங்கப்பர் தம் தலையைக் கொண்டுவந்து வைக்கட்டும்.”

மன்னருக்கு ஆணை என்றாலே பிடிக்கும். தலை உருளுகிற ஆணை இன்னும் பிடிக்கும். உடனே தீப்பந்தம் கொண்டுவரச் சொன்னார்.

அரங்கப்பர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் வானத்தைப் பார்த்தார். அரங்கப்பர் தொப்பென்று மன்னர் காலில் விழுந்தார்.

“கொளுத்த வேண்டாம், அரசே. அதைக் கொளுத்திவிட்டால் நான் குடத்துக்கு எங்கே போவேன்?”

“ஏன், உம்முடைய தோட்டம் இருக்கிறதே?” என்றார் மன்னர்.

“இது இன்னும் காய்க்கவே இல்லை, அரசே. நீங்கள் குடித்தது அவர்களிடம் வரியாகப் பறித்த மது.”

மேளக்காரர்கள் மேளத்தைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார்கள். ஒரே மதுவை மன்னர் காலையில் காடி என்றும், கொஞ்ச நேரத்தில் அமுதம் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு மன்னர் முட்டாள் என்று தெரியவந்தால் தண்டனை, வழக்கம்போல, அதைத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான். மன்னரின் கை வாளின் பிடிக்குப் போயிற்று. அவர் கண் ஒய்யம்மாள் மேல் இருந்தது.

“அரசரின் நாக்கில் ஒரு குறையும் இல்லை” என்றார் மருதப்பன். “இரண்டு இடத்திலும் மதுவுக்கு முன்னால் உள்ளே போனது அமைச்சரின் பேச்சு. அது காது வழியாகப் போய்விட்டது. நாக்கு என்ன செய்யும், பாவம்.”

மன்னர் நிம்மதியாக மூச்சுவிட்டார். பழி போட ஆள் கிடைத்துவிட்டது. நீதி என்று அரண்மனையில் சொல்வது இதைத்தான். ஒய்யம்மாளின் குடத்தை அமைச்சர் தலைக்கு மாற்றச் சொல்லி, ஊர்வரைக்கும் நடந்தே வர உத்தரவிட்டார். பிறகு மருதப்பனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

ஆற்றங்கரைத் தோட்டம் அந்த நாற்பது குடும்பங்களிடமே இருக்க வேண்டும், அது போதும் என்றார் மருதப்பன்.

தந்தேன் என்று மன்னர் முழங்கினார். வள்ளல் வாழ்க என்று கூட்டம் முழங்கியது. இதைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்றார் ஒருவர். எவ்வளவு உயரக் கல் என்று மன்னர் விசாரித்தார். பல்லக்கில் ஏறப் போனவர் ஏதோ யோசித்து நின்றார்.

“மருதப்பா, இவ்வளவு பெரிய தானம் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு எதுவும் குறைந்த மாதிரியே தெரியவில்லையே?”

“குறையாது, அரசே. அவர்களுடையதைத்தானே அவர்களுக்குக் கொடுத்தீர்கள்.”

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஒய்யம்மாளுக்கு மட்டும் விளங்கவில்லை.