குரலின்றிச் சொன்ன பெயர்

உரிமைக்குப் போட்டியிடுவோரின் கதைகளில், ஓரமாக நின்று உழைக்கிறவளின் பெயரை யாரும் சொல்வதில்லை. இந்தக் கதையில் அவள் பெயர் கிரிசல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஸ்காட்லாந்தின் டண்டி நகரம். வங்காளத்துச் சணலைப் பெண்கள் அங்கே நூலாக்கித் துணியாக்கினார்கள். ஆண்களுக்குக் கூலி அதிகமென்று ஆலைகள் அவர்களை ஒதுக்கின. கிரிசலின் தந்தை ஆர்ச்சியும் வீட்டில்தான் இருந்தார்.

"கெட்டில் பொங்கிவிட்டதா, ஆர்ச்சி?" என்று, வீட்டிலிருந்து தேநீர் வைக்கும் அவரைத் தெருப்பெண்கள் சீண்டுவார்கள்.

"இந்த வீட்டில் பொங்குவது அது ஒன்றுதான்" என்பார்.

தாய் எல்ஸ்பெத் தறியில் நெய்பவள். மூத்தவள் கிரிசல் சிறுமியாக இருந்தபோதே நூற்புக் கூடத்துக்கு அனுப்பப்பட்டவள். நெய்பவர்கள் தொப்பியும் கையுறையும் அணிந்து தெருவின் ஒருபுறம் நடப்பார்கள்; நூற்பவர்கள் சால்வையால் தலையை மூடி மறுபுறம் நடப்பார்கள். ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய தாயும் மகளும்கூட அப்படித்தான் நடந்தார்கள். இளையவள் எஃபி பள்ளிக்குப் போனவள். ஆலை வாசலை மிதித்ததில்லை.

இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது. ஆலைப் பெண்கள் ஓசையின்றி உதட்டசைவாலேயே பேசுவார்கள். ஒருத்தி சொன்னது வரிசை முழுக்க அப்படியே கைமாறும். அதைத் திரித்துச் சொன்னவளோடு பிறகு யாரும் உதடு அசைப்பதில்லை.

எல்ஸ்பெத்தின் தொண்டையில் கட்டி வந்தது, குரல் போயிற்று. சாகப்போகும் நெசவுக்காரி தன் தறிக்கு வீட்டுப் பெண்களில் ஒருத்தியைச் சொல்லலாம் என்பது அந்த ஆலையின் வழக்கம். தாயின் கூலி நின்றால் எஃபியும் ஆலைக்குப் போயாக வேண்டும்; ஒருத்திக்குத் தறி, மற்றவளுக்கு நூற்புக் கூடத்துத் தூசிதான். தந்தையும் மகள்கள் இருவரும் கட்டிலருகே நின்றார்கள். எல்ஸ்பெத் கிரிசலைப் பார்த்து உதடசைத்தாள்:

"தறி எஃபிக்கு. தூசி அவளைக் கொன்றுவிடும். நீ பழகிவிட்டாய்."

அத்தோடு மூச்சு நின்றது.

"என்ன சொன்னாள்?" என்றார் ஆர்ச்சி. அவருக்கும் எஃபிக்கும் உதட்டுப் பேச்சு தெரியாது. கிரிசல் தன் பெயரைச் சொல்லியிருந்தால் மறுக்க ஆளில்லை.

"தறி எஃபிக்காம். தூசி அவளைக் கொன்றுவிடுமாம்" என்றாள். கடைசி வாக்கியத்தை மட்டும் தனக்கே வைத்துக்கொண்டாள்.

எஃபி அவளைத் தனியே இழுத்தாள். "அக்கா, அம்மா உன் பெயரைத்தானே சொன்னாள்? எனக்காக மாற்றிவிட்டாய்."

"உதட்டில் படித்ததை நான் மாற்றுவதில்லை."

எஃபி நம்பவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தாயின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். "கொஞ்சம் பெரிது" என்றாள். அடக்கம் முடிந்து வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே, தெருவின் தொப்பிப் பக்கத்தில் நடந்தாள்.

பழகியவளைப் பழகிய இடத்திலேயே விட்டாள் தாய். பொய் ஒன்றே தன்னை மீட்கும் என்றறிந்தும் உண்மை சொன்னாள் மூத்தவள். அக்காவுக்கு உரியதென்று நம்பிக்கொண்டே எடுத்துக்கொண்டாள் இளையவள். இதில் யார் செய்தது சரி?

விடை: கிரிசல் செய்தது மட்டுமே. தாயின் பயம் நியாயமானது. ஆனால் தாங்குகிறாள் என்பதற்காகவே ஒருத்தி தலையில் மேலும் ஏற்றுவதை அன்பென்று அழைக்க முடியாது. எஃபி பெற்றது அவளுக்கே உரியதுதான். ஆனால் பிறர் பொருளென்று நம்பிக்கொண்டு அதைத் தொட்டவள் அவள். சரியாக நடந்தவளுக்கு என்ன கிடைத்தது? கிரிசல் நூற்புக் கூடத்திலேயே இருந்தாள். மணம் செய்துகொள்ளவில்லை. தந்தையைச் சாகும்வரை பார்த்துக்கொண்டாள். இயந்திர இரைச்சலில் செவி போயிற்று. பிறகு, பழகிவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்தத் தூசியே நெஞ்சில் படிந்து, எஃபிக்கு வெகுகாலம் முன்பே இறந்துபோனாள்.