பொன் காய்த்த சவுக்கு மரம்

முன்னொரு காலத்தில், மூன்று பக்கமும் கடல் இருந்த ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். குடிகளை வதைக்க மாட்டார், சொன்ன வாக்கை மாற்ற மாட்டார். ஆனால் வேறொரு ராஜாவிடம் ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால், அதைவிடப் பெரிதாக ஒன்று தம்மிடம் வந்து சேரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. இது ஒரு வியாதி. ராஜாவுக்கு வந்தால் ஊருக்கே காய்ச்சல்.

ஒரு மார்கழியில் யோகான் என்ற வெளிநாட்டுக் கப்பல் தலைவர் அரண்மனைக்கு விருந்தாளியாக வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். தம் பக்கத்து நாடுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ராஜாக்கள் மரம் வைக்கும் கதையைச் சொல்லித் தொலைத்தார். ஒருவர் மரம் முழுக்க வைரம் தொங்கவிட்டாராம். இன்னொருவர் மரத்தையே பொன்னால் வார்த்துவிட்டாராம். மூன்றாமவருடைய மரத்தின் உச்சியில் நட்சத்திரம் வைக்கப் போனவன் இறங்கி வருவதற்குள் பண்டிகையே முடிந்துவிட்டதாம்.

"இவற்றில் அதிகச் செலவான மரம் எது?" என்று கேட்டார் ராஜா.

"அது வருடா வருடம் மாறும், அரசே. அவர்களுக்குள் போட்டி."

"இந்த வருடம் அது நம்முடையது" என்றார் ராஜா.

பொக்கிஷ மந்திரி வச்சிரபாகு உடனே எழுந்தார். வீட்டுக்கு ஒரு பொன் நகை, பொன் இல்லாத வீட்டில் வெள்ளி என்று தண்டோரா போடலாம் என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அப்போது விகடகவி அம்பலவாணன் தொண்டையைக் கனைத்தார். "அரசே, நகை மாட்டினால் மட்டும் அது கிறிஸ்துமஸ் மரம் ஆகிவிடுமா? அவர்கள் நாட்டு முறை என்னவென்று கேட்க வேண்டாமா?"

"நன்றாகச் சொன்னீர். முறை உம் பொறுப்பு. யோகானிடம் கேட்டு, ஒரு இம்மியும் குறையாமல் செய்யும். குறைந்தால் இவர் துறைமுகம் துறைமுகமாகப் போய்ச் சொல்லிச் சிரிப்பார்."

ராஜா அம்பலவாணனிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசினாலே வச்சிரபாகுவுக்கு நெஞ்சு எரியும். "முறை மட்டும் என்ன, காவலையும் அவரே ஏற்கட்டும், அரசே. மரத்திலிருந்து ஒரு குன்றிமணி குறைந்தாலும் அவர் தலை" என்றார். அதற்கும் ராஜா தலையாட்டினார். ஆசை வந்துவிட்டால் அவருக்குத் தலையாட்டத்தான் தெரியும்.

அரண்மனை முற்றத்தில் ஒரு சவுக்கு மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். சங்கிலி, வளையல், ஒட்டியாணம், மூக்குத்தி என்று மூன்று நாளில் மரம் தெரியாதபடி நகை தொங்கியது. வச்சிரபாகு தம் பங்காக ஒரு பெரிய பொன் மயிலைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டினார்.

நாலாம் நாள் காலையில், முற்றத்து வேலிக்கு வெளியே ஒரு பெண் நிற்பதை அம்பலவாணன் பார்த்தார். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னம்மா பாக்கிற?"

"அந்தா தொங்குதே, சின்னக் கொலுசு. எம் மவளோடது, அண்ணே. காய்ச்சல்ல போயிட்டா. ஒரு கொலுச அவ காலோடயே போட்டு அனுப்பிட்டேன். இந்த ஒண்ண மட்டும் நான் வச்சிருந்தேன். வெள்ளி இருக்குன்னு யாரோ சொல்லி, சேவகன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

அவள் பெயர் ஞானப்பூ. கடற்கரைக் குப்பத்துக் கிறிஸ்தவப் பெண். இந்தப் பண்டிகை உண்மையில் அவளுடைய பண்டிகை. அது யாருக்குமே நினைவில்லை.

"எடுத்துக் குடுத்துருவேன் தாயி. குடுத்தா என் தலையை எடுத்துருவாங்க" என்றார் அம்பலவாணன்.

"ஐயோ, உங்க தல எதுக்குப் போவணும்? நான் பாத்துட்டு மட்டும் போறேண்ணே."

அந்தச் சொல்தான் அவரைப் படுத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நேராக யோகானிடம் போய் உட்கார்ந்தார். அந்த நாட்டில் மரத்தை எப்படி வைப்பார்கள், என்ன கட்டுவார்கள், பண்டிகைக் காலையில் யார் என்ன செய்வார்கள் என்று பொழுது சாயும்வரை குடைந்து குடைந்து கேட்டார். மறுநாள் ஒரு கட்டு ஓலை நறுக்குகளோடு வந்து, ஒவ்வொரு நகையிலும் அதைக் கொடுத்தவர் பெயரை எழுதிக் கட்டத் தொடங்கினார்.

வச்சிரபாகு எட்டிப் பார்த்தார். "இது எதற்கு?"

"அவர்கள் நாட்டு முறை. மரத்தில் தொங்கும் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டுமாம்."

"அப்படியானால் அந்த மயிலில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கட்டும்."

"அதைவிட எனக்கு வேறென்ன வேலை?" என்றார் அம்பலவாணன்.

கொலுசின் முறை வந்தபோது வேலியோரம் போய், "உன் பேரை எழுதட்டுமா?" என்று ஞானப்பூவைக் கேட்டார்.

"எம் பேரு எதுக்கு? அது அவ சாமான். அவ பேர எழுதுங்க. செல்வரோசி."

இறந்துபோனவள் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு மனம் வரவில்லை. எழுதிவிட்டார்.

பண்டிகைக் காலையில் ஊரே முற்றத்தில் கூடியது. வெயில் பட்டு மரம் தகதகத்தது. ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லா முறையும் முடிந்ததா?"

"ஒன்று பாக்கி, அரசே. அதை வீட்டுத் தலைவர்தான் செய்ய வேண்டும். மரத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகத் தம் கையால் எடுத்து, பெயரைக் கூப்பிட்டு, அந்தப் பெயருக்கு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும்."

ராஜா யோகானைப் பார்த்தார். "ஆம் அரசே, அதற்காகத்தான் மரம்" என்றார் யோகான்.

"சூழ்ச்சி!" என்று கத்தினார் வச்சிரபாகு. "இவர் மரத்தை மொட்டையடிக்கப் பார்க்கிறார்!"

"நானா? நான் ஒரு குன்றிமணியைக்கூடத் தொட மாட்டேன். தொட்டால் தலை போகும். ஆனால் முறையில் ஓர் இம்மியும் குறையக் கூடாது என்பது அரச வாக்கு."

நடப்பதை எழுதிக்கொள்ள யோகான் தம் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராஜாவுக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் சங்கிலியைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பெயரைக் கூப்பிட்டார். ஒரு சலவைத் தொழிலாளி ஓடிவந்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். ராஜா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பத்துப் பெயர் தாண்டியதும் அவர் குரலில் இருந்த கடுப்பு போய்விட்டது. இருபது தாண்டியதும், "மெதுவாக வா அம்மா, நகை எங்கேயும் ஓடிவிடாது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மயிலை எடுத்ததும் அவர் புருவம் உயர்ந்தது. பார்வைக்கு இருந்த கனம் கையில் இல்லை. கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பொன் விரலில் வந்தது, பித்தளை மயிலில் நின்றது. "வச்சிரபாகு! உம்முடைய பொருளை நீரே பத்திரமாக வைத்துக்கொள்ளும்" என்று நீட்டினார். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கடைசியாக அந்தக் கொலுசு மட்டும் மிஞ்சியது.

"செல்வரோசி!"

யாரும் வரவில்லை. ராஜா இன்னொரு தடவை கூப்பிட்டார். வச்சிரபாகுவுக்கு உயிர் வந்தது. "பார்த்தீர்களா அரசே, இல்லாத ஆளின் பெயர்! பெயருக்கு உரியவர் வாங்காவிட்டால் முறை கெட்டது. முறை இவர் பொறுப்பு. தலையை எடுங்கள்!"

அம்பலவாணன் கூட்டத்துக்குள் ஞானப்பூவைத் தேடினார்.

ராஜா மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானப்பூ முன்னால் வந்தாள்.

"அவ இருந்தா மொத தடவ கூப்பிட்டதுமே ஓடியாந்திருப்பா, ராசா. எம் மவ அவ. செத்து மூணு வருசமாச்சு. நான் அழுவேன்னு பயந்துக்கிட்டு அவ பேர யாரும் சொல்றதே இல்ல. இன்னிக்கு நீங்க மூணு தடவ கூப்பிட்டீங்க."

ராஜா யோகானிடம் திரும்பினார். "பெயருக்கு உரியவர் இல்லாவிட்டால் உங்கள் நாட்டில் என்ன முறை?"

யோகான் குறிப்பேட்டை மூடினார். "நான் கடலோடி, அரசே. பத்து வருடமாகப் பண்டிகைக்கு வீட்டில் இருந்ததில்லை. ஆனால் என் பெயரில் ஒரு பொட்டலம் வருடந்தோறும் தொங்கும். என் பெயரைக் கூப்பிடுவார்கள். வேறு யாரும் அதை வாங்க மாட்டார்கள். என் தாய் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அதுதான் முறை."

ராஜா படியிறங்கி வந்து, கொலுசை ஞானப்பூவின் இரு கைகளிலும் வைத்தார்.

வச்சிரபாகு விடுவதாக இல்லை. "மரம் மொட்டை! உலகத்திலேயே அதிகச் செலவான மரம் இதுதானா?"

அம்பலவாணன் யோகான் பக்கம் திரும்பினார். "கப்பல் தலைவரே, வைரம் தொங்கவிட்ட ராஜா மறுநாள் அதை என்ன செய்தார்?"

"கழற்றிப் பெட்டியில் பூட்டிக்கொண்டார்."

"அப்புறம் அவருக்கு ஏது செலவு? விளக்கெண்ணெய்தான் செலவு. மரத்தில் இருந்த அத்தனையையும் ஒரே காலையில் செலவழித்த ராஜா இந்த உலகத்தில் ஒருவர்தான்!"

"அடே, அது அவர்கள் நகைதானே!" என்று பாய்ந்தார் வச்சிரபாகு.

"நேற்றுவரை அரசருடையது என்றல்லவா சொன்னார்கள்?"

ராஜா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலவாணனுக்குப் போர்த்தி, ஒரு தோட்டமும் எழுதிக் கொடுத்தார். சபையில் வாய் திறப்பதற்கு முன் மூன்று நாள் யோசிக்க வேண்டும் என்று வச்சிரபாகுவுக்கு மட்டும் ஒரு புதுச் சட்டம் போட்டார்.

அடுத்த வருடம் தண்டோரா இல்லை, சேவகர்கள் யார் வீட்டுக்கும் போகவில்லை. முற்றத்தில் சவுக்கு மரம் மட்டும் நின்றது. ஆனாலும் ஜனங்கள் காகித நட்சத்திரமும் ஓலைக் கிளியுமாக வந்து, பெயர் எழுதிக் கட்டிவிட்டுப் போனார்கள். ஞானப்பூ தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கொலுசை எடுத்துத் தானே ஒரு கிளையில் மாட்டினாள்.

பண்டிகைக் காலையில் ராஜா அதைக் கையில் எடுத்தார். ஓலையைப் பார்க்கவில்லை. ஊருக்கே கேட்கும்படி, "செல்வரோசி!" என்று கூப்பிட்டார்.

"இந்தா வந்துட்டா, ராசா!" என்று முன்னால் ஓடினாள் ஞானப்பூ.